மலைமேல் சைக்கிள்! கையில் மண்வெட்டி!

சைக்கிளில் மலை ஏற முடியுமா?

முடியும். ஏறுகிறார்கள். ஏறி, மறுபக்கம் இறங்கவும் செய்கிறார்கள். தார் ரோட்டில் அல்ல. கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில்!

அதற்கென்றே ஒரு சைக்கிள் இருக்கிறது. மலை சைக்கிள் என்று அதற்குப் பெயர். டயர் தடியாக இருக்கும். அதன்மேல் முண்டு முண்டாகப் பிடிப்புகள் இருக்கும். கைப்பிடி அகலம். கியர் உண்டு. முன் சக்கரத்தில் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங் உண்டு. இதே சாயலில் செய்த சைக்கிள்கள் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன. பையன்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

இந்தச் சைக்கிள் எப்படிப் பிறந்தது? அதில் ஏறியவர்களை மலையைவிட்டு ஏன் விரட்டினார்கள்? விரட்டப்பட்டவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள்? இது சுவையான கதை. நடந்தது அமெரிக்காவில். ஆனால் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் பெரம்பலூர்க்காரர்களுக்கும், சுண்ணாம்புச் சுரங்கங்களின் நடுவே இருக்கும் அரியலூர்க்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அது என்ன வேலை என்பது போகப் போகத் தெரியும்.

பழைய சைக்கிள், புதிய பந்தயம்

கலிபோர்னியா ராஜ்யத்தில் சான்பிரான்சிஸ்கோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு தொங்குபாலத்தைக் கடந்து வடக்கே போனால் மரின் என்ற ஜில்லா வரும். அங்கே டாமல்பயஸ் என்று ஒரு மலை. உயரம் 2,500 அடிக்குச் சற்று அதிகம். நம் பச்சைமலையின் உயரமான பகுதிகளைவிட அது ஒன்றும் பெரிதல்ல.

1970-க்குப் பிறகு அந்தப் பக்கத்து வாலிபர்கள் சிலருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய இரும்புக் கடைகளில் கிடந்த 1930, 1940-ம் வருஷத்துச் சைக்கிள்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். எல்லாம் பலூன் மாதிரி டயர் போட்ட, கனத்த வண்டிகள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். மலைமேல் கொண்டுபோய், அங்கிருந்து கீழே விட்டார்கள்!

1976-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. பேர்பாக்ஸ் என்ற ஊருக்கு அருகே, காட்டுத் தீயை அணைக்கப் போடப்பட்ட மண் பாதைதான் பந்தயக் களம். தூரம் சுமார் 2 மைல். இறக்கமோ 1,300 அடி! முதல் பந்தயத்தில் விழாமல் வந்து சேர்ந்தவர் ஆலன் பாண்ட்ஸ் என்ற ஒருவர்தான். அதனாலேயே அவர் ஜெயித்தார்!

அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். பிரேக் இருப்பது பின் சக்கரத்து ஹப்புக்குள். மலை இறங்கி முடிப்பதற்குள் அந்த ஹப் அடுப்புபோல் சூடாகிவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து, புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது என்பதுதான் 'ரீபேக்'.

சார்லி கெல்லி என்பவர் பந்தயத்தை நடத்தி, நேரம் குறித்தார். கேரி பிஷர் என்ற வாலிபர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கினார். அதை யாரும் மிஞ்சவில்லை. ஜோ பிரீஸ் என்பவர் 2 விநாடிதான் பின்தங்கினார். ஆனால் அவர் வேறொரு பெரிய காரியம் செய்தார். பழைய வண்டிகள் ஒடிந்து ஒடிந்து போவதைப் பார்த்து, 1977-ல் மலைக்கென்றே புதிதாக ஒரு சைக்கிளைத் தன் கையால் செய்தார். அந்தச் சைக்கிள் 2012-ல் அமெரிக்க தேசியப் பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று.

பெண்களும் பின்வாங்கவில்லை. ஜாக்கி பீலன் என்ற பெண் 1983 முதல் 1985 வரை மூன்று வருஷமும் அமெரிக்க நாட்டுப் பட்டத்தை வென்றார். 1987-ல் பெண்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். அதன் பெயரிலேயே 'தேநீர்' என்ற சொல்லும் இருந்தது! முதலில் சவாரி, பிறகு தேநீர். நம் புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-க்குப் பிறகு அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்களே, நினைவிருக்கிறதா? பெண் ஒருத்தி சைக்கிளில் ஏறினால் ஊர் திரும்பிப் பார்ப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

1981-ல் தொழிற்சாலைகளில் மலை சைக்கிள் தயாராகத் தொடங்கியது. பிறகு உலகமெங்கும் பரவியது. 1996-ல் அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது. ஆண்களில் நெதர்லாந்து நாட்டு பார்ட் பிரெண்ட்ஜென்சும், பெண்களில் இத்தாலி நாட்டு பாவோலா பெசோவும் தங்கம் வென்றார்கள். இமாசலப் பிரதேசத்து மலைகளிலும் 2005 முதல் பல ஆண்டுகள் பெரிய பந்தயம் நடந்தது.

ஆனால் பிறந்த மலையில் என்ன நடந்தது? அதைத்தான் சொல்ல வேண்டும்.

"வராதே, வெளியே போ!"

டாமல்பயஸ் மலையில் சைக்கிள் வருவதற்கு முன்பே நடப்பவர்கள் இருந்தார்கள். குதிரையில் போகிறவர்கள் இருந்தார்கள். காலை வேளையில் ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திடீரென்று ஒருவன் சைக்கிளில் சீறிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? குதிரை மிரண்டால் என்ன ஆகும்?

புகார்கள் குவிந்தன. பிரேக்கை இறுக்கிச் சறுக்கியதால் பாதை கிழிகிறது என்றார்கள். செடி கொடி நாசம் என்றார்கள். 1980-களில் ஒவ்வொரு பாதையாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டது. அந்த மலையின் பெரும்பகுதி குடிநீர் வாரியத்தின் நிலம். அங்கே குறுகிய பாதைகளில் சைக்கிள் கூடாது, அகலமான தீயணைப்புப் பாதையில் மட்டும் போகலாம் என்று விதி வந்தது. அதிலும் மணிக்கு 15 மைலுக்குமேல் போகக் கூடாது. வளைவிலும், ஆட்களைத் தாண்டும்போதும் 5 மைல்தான். வேகத்தை அளக்கும் கருவியோடு காவலர்கள் மலையில் நின்றார்கள். சைக்கிளுக்கு அபராதம்!

1984-ல் அமெரிக்க வனத்துறையும் விதியைத் தெளிவாக எழுதியது. சட்டத்தால் காக்கப்பட்ட அடர்ந்த வனப் பகுதிகளில் சைக்கிள் கூடாது என்று சொல்லிவிட்டது.

சைக்கிள்காரர்களுக்குக் கோபம் வந்தது. சிலர் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் போனார்கள். சிலர் தாங்களே கள்ளப் பாதை வெட்டினார்கள். இதனால் கெட்ட பெயர்தான் கூடியது. புகார் சொன்னவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டியும் பேத்தியும் நடக்க வேண்டிய பாதை அது.

ஐந்து சங்கங்கள்

அப்போதுதான் சிலருக்கு நல்ல புத்தி வந்தது. சண்டை போட்டால் பாதை கிடைக்காது. பாதைக்கு நாம் என்ன செய்தோம் என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

1988-ல் கலிபோர்னியாவில் இருந்த ஐந்து சைக்கிள் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. பன்னாட்டு மலை சைக்கிள் சங்கம் என்ற பெரிய சங்கம் பிறந்தது. அவர்கள் முதலில் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்.

அனுமதி உள்ள பாதையில் மட்டும் போ. பாதையைக் கெடுக்காதே. வண்டி உன் கைக்குள் இருக்கட்டும். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடு. விலங்குகளை மிரட்டாதே. புறப்படும் முன் தண்ணீரும் கருவியும் எடுத்துக்கொள். இவ்வளவுதான். சிறு பிள்ளைக்கும் புரியும்!

அடுத்து மண்வெட்டி எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் மலைக்கு வரும். சவாரிக்கு அல்ல, பாதை வேலைக்கு! கூலி கிடையாது. நம் நாட்டில் வினோபா காலத்தில் சிரமதானம் என்று சொன்னோமே, அதேதான். இன்னும் பழைய பெயர் வேண்டுமானால் குடிமராமத்து. ஊர் கூடி ஏரிக்கரையை அடைத்ததும், வாய்க்காலைத் தூர்வாரியதும் நம் தாத்தாக்கள்தானே!

அவர்கள் கையில் இரண்டு விநோதமான கருவிகள் இருக்கும். ஒன்றில் ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பெரிய சீப்புப் பல். வெட்டவும் செய்யலாம், வாரவும் செய்யலாம். மற்றொன்றில் ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து. வேரை அறுத்து, உடனே மண்ணைக் கிளறலாம். இந்த இரண்டாவது கருவிக்கு 'புலாஸ்கி' என்று பெயர். எட் புலாஸ்கி என்பவர் வனக்காவல் அதிகாரி. 1910-ல் பெரிய காட்டுத் தீ சூழ்ந்தபோது, தன் ஆட்களை ஒரு பழைய சுரங்கக் குகைக்குள் நுழைத்துப் பலர் உயிரைக் காப்பாற்றியவர். அவர் பெயரையே கருவிக்கு வைத்துவிட்டார்கள்.

பேர்பாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் சாரணர் இயக்கத்துக்குச் சொந்தமான முகாம் நிலம் இருக்கிறது. அங்கே சைக்கிள்காரர்கள் சாரணர்களிடம் பேசி, சுமார் 8 மைல் பாதையை வெட்டினார்கள். சவாரி செய்கிறவர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பணம் பராமரிப்புக்குப் போகிறது. நடந்து போகிறவருக்கும் இடம் உண்டு. இதில் யாருக்கு நஷ்டம்?

1994-ல் மற்றொரு அதிசயமும் நடந்தது. சியரா சங்கம் என்பது அமெரிக்காவில் இயற்கையைக் காக்கும் பழைய சங்கம். 1892-ல் தொடங்கியது. சைக்கிளை எதிர்த்தவர்களில் அதுவும் ஒன்று. அந்தச் சங்கமும் சைக்கிள் சங்கமும் யூட்டா ராஜ்யத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து பேசின. சைக்கிளை மொத்தமாக விரட்டவும் வேண்டாம், எல்லாப் பாதையையும் திறக்கவும் வேண்டாம், ஒவ்வொரு பாதையாகப் பார்த்து முடிவு செய்யலாம் என்ற அளவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

அதே வருஷம் ஓர் ஆராய்ச்சியும் வெளிவந்தது. மொன்டானா ராஜ்யத்தில் வில்சன், செனி என்ற இருவர் மலைப் பாதைகளில் சோதனை செய்தார்கள். மனிதர்களை நடக்கவிட்டார்கள். குதிரையை விட்டார்கள். சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் விட்டார்கள். பிறகு தண்ணீர் தெளித்து, எவ்வளவு மண் பெயர்கிறது என்று அளந்தார்கள். சக்கரத்தைவிடக் குளம்பும் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன! சைக்கிள்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் இதை வைத்துக்கொண்டு ரொம்பவும் துள்ளக் கூடாது. நடப்பவர் 3 மைல் போகும் நேரத்தில் சைக்கிள்காரர் 10 மைல் போய்விடுகிறாரே!

தண்ணீர்தான் எதிரி

பாதையைக் கெடுப்பது சைக்கிளா, குதிரையா, காலா என்று அத்தனை நாள் சண்டை போட்டார்களே, உண்மையான எதிரி வேறு ஒருவன். அவன் பெயர் தண்ணீர்.

நம் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் மண் பாதை என்ன ஆகிறது என்று விவசாயிக்குத் தெரியும். மேட்டிலிருந்து நேராக இறங்கும் பாதை, ஒரே மழையில் வாய்க்கால் ஆகிவிடும். அடுத்த மழையில் ஓடை. பிறகு அதில் யாரும் நடக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு தடம் போடுவார்கள். அதுவும் ஓடை ஆகும்.

பாதைத் தொண்டர்கள் இதற்குச் சில கணக்குகள் வைத்திருக்கிறார்கள். மலைச் சரிவில் பாதை நேராக இறங்கக் கூடாது. சரிவுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் போக வேண்டும். சரிவில் 10 அடி போனால் 4 அடி உயருகிறது என்று வையுங்கள். பாதை அதில் பாதிக்குமேல், அதாவது 10 அடிக்கு 2 அடிக்குமேல் ஏறக் கூடாது. மொத்தப் பாதையையும் சேர்த்துப் பார்த்தால், சராசரி 100 அடிக்கு 10 அடி ஏற்றம் போதும்.

பாதையின் தளம் பள்ளப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். 40 அங்குல அகலப் பாதைக்கு 2 அங்குலச் சாய்வு. பார்த்தால் தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும்! அது பாதையில் ஓடாமல், குறுக்கே கடந்து போய்விடும். அதோடு, 20 முதல் 50 அடிக்கு ஒரு முறை பாதை சற்று இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்தத் தாழ்வில் தண்ணீர் வெளியேறிவிடும். சைக்கிளில் போகிறவனுக்கு அது அலைபோல் குதூகலம். மழை நீருக்கோ அதுவே வாசல்.

1997 முதல் பல ஆண்டுகள் அந்தச் சங்கம் இரண்டிரண்டு பேராக ஆட்களைக் காரில் ஏற்றி நாடு முழுவதும் அனுப்பியது. ஊர் ஊராகப் போய் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்பதே அவர்கள் வேலை. சில ஜோடிகள் கணவனும் மனைவியும்! வகுப்பு காலையில். பிற்பகலில் எல்லோரும் மலையில் மண் வெட்டுவார்கள்.

நாயின் பெயர் சேர்ந்த ஊர்

இனி அரியலூர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம்.

அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா என்று ஒரு ராஜ்யம். அங்கே கைலர் ஆடம்ஸ் என்பவர் நிலம் அளந்துகொண்டிருந்தார். திசை காட்டும் ஊசி ஓரிடத்தில் கோணலாகத் திரும்பியது. கீழே இரும்பு இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். கூடவே அலைந்தது அவருடைய நாய். அதன் பெயர் யூனா. கைலர் பெயரில் பாதியும் நாயின் பெயரும் சேர்ந்து அந்த இடத்துக்குக் 'கையூனா' என்று பெயர் ஆயிற்று!

1911-ல் அங்கிருந்து இரும்புக் கல் வெளியே போகத் தொடங்கியது. கிராஸ்பி, அயன்டன் என்ற ஊர்கள் வளர்ந்தன. 1924 பிப்ரவரி 5-ந் தேதி மில்போர்டு சுரங்கத்தில் மேலே இருந்த ஏரித் தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. 41 பேர் மாண்டார்கள். 7 பேர்தான் தப்பினார்கள். கிளின்டன் ஹாரிஸ் என்ற தொழிலாளி ஓடிப் பிழைக்கப் பார்க்கவில்லை. மற்றவர்களை எச்சரிக்க அபாய ஊதலை ஊதிக்கொண்டே இருந்தார். தண்ணீர் அவரை மூடியது.

பிறகு இரும்புக் கல்லும் நின்றது. சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று. மிஞ்சியவை என்ன? பெரிய பெரிய குழிகள். அவற்றில் தண்ணீர் நிறைந்து ஆழமான ஏரிகள் ஆயின. பக்கத்தில், தோண்டிக் கொட்டிய மண்மேடுகள். அவற்றின்மேல் மரம் முளைத்தது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அரசாங்கத்தை விடாமல் கேட்டார்கள். 1993-ல் அந்த இடம் பொதுமக்கள் உலாவும் பூங்கா ஆயிற்று. பிறகு சைக்கிள் பாதை கேட்டார்கள். 2011-ல் 25 மைல் பாதை திறக்கப்பட்டது. பிறகு அது இன்னும் நீண்டது.

கையூனாவில் இயற்கை மலை என்று சொல்லத்தக்கது இல்லை. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மேடுகள்தான் அங்கே மலை! இரும்பு கலந்ததால் மண் செக்கச் செவேல். அங்கே சவாரி செய்தவனின் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்று அந்த ஊர்ச் சைக்கிள் சங்கத்துத் தொண்டர்கள் விழுந்த மரத்தை அகற்றுகிறார்கள், பாதையைச் செப்பனிடுகிறார்கள். பனிக்காலத்தில்கூடப் பனியை அழுத்திச் சமன் செய்து, தடித்த டயர் சைக்கிள்களுக்கு வழி செய்கிறார்கள். கிராஸ்பி கடைவீதியில் சைக்கிள் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வந்துவிட்டன.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவில் டெர்பி என்ற ஊருக்கும் இதே கதை. அது தகரம் எடுத்த ஊர். 1929-ல் அணை உடைந்து 14 பேர் இறந்தார்கள். சுரங்கம் ஓய்ந்து ஊர் வெறிச்சோடியது. 2015-ல் மலை சைக்கிள் பாதை வந்த பிறகு வெளிநாட்டார்கூட அங்கே வருகிறார்கள்.

அரியலூர்க் குழிகள்

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுக்கிறார்கள். சிமெண்டு ஆலைகளுக்கு அது போகிறது. லாரிகள் ஓடும் ரோட்டில் சைக்கிள் விடுவது எவ்வளவு பயம் என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். சுரங்கம் என்றைக்கும் இருக்காது. கல் தீர்ந்தால் குழிதான் மிச்சம். மழை பெய்தால் குழியில் தண்ணீர் நிற்கும். ஆழம் தெரியாது. ஓரம் சரியும்.

சுரங்கத்தை மூடும்போது நிலத்தை எப்படிச் சீர்செய்வது என்று முன்கூட்டியே திட்டம் எழுதித் தர வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2003 முதல் அந்த விதி உண்டு. திட்டத்தில் மரம் நடலாம், தண்ணீர் தேக்கலாம், பாதையும் போடலாம். கேட்பவர் வேண்டும். கையூனாவில் கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்துக்கும், வேலி போட்ட குழிக்கும் யாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அங்கே வெடி வைப்பார்கள். கரை இடிந்து விழும். பெற்றோர் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தது. அப்போது வாழ்ந்த நத்தை, சிப்பி, இன்னும் என்னென்னவோ கல்லாகி மண்ணில் கிடக்கின்றன. அரியலூர் அருகே வாரணவாசியில் அவற்றுக்கென்றே பொருட்காட்சிசாலை இருக்கிறது. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர்! 1940-ல் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார்.

அதே பெரம்பலூர் ஜில்லாவில் காரை என்ற ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். களிமண் நிலத்தை மழை கீறிக் கீறி, எத்தனையோ ஓடைகளாக அறுத்துப் போட்டிருக்கிறது. தண்ணீர்தான் எதிரி என்று சொன்னோமே, அதன் கைவரிசை அங்கே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அந்த ஓடைகளில் கல்லான உயிர்கள் கிடக்கின்றன. சக்கரம் ஓட்டத் தகாத இடம் அது. நடந்து போய்ப் பார்க்கலாம், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும்!

பச்சைமலையில் யார் பாதை?

பச்சைமலை திருச்சி, சேலம், பெரம்பலூர் ஜில்லாக்களில் பரவிக் கிடக்கிறது. மழை நன்றாகப் பெய்தால் பெரம்பலூர்ப் பக்கத்தில் மயிலூற்று அருவியும் கோரையாற்று அருவியும் கொட்டும். மலைமேல் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அங்கே இருக்கும் ஒற்றையடிப் பாதைகள் அவர்கள் நடந்து நடந்து உண்டானவை. சந்தைக்குப் போனதும், பிள்ளை பெறக் கீழே இறங்கியதும் அந்த வழியாகத்தான். மரின் ஜில்லாவில் பாட்டிக்கும் பேத்திக்கும் இருந்த உரிமையைவிட இவர்களுக்கு இருக்கும் உரிமை பெரிது. மலை சைக்கிள் வர வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டியது இவர்களைத்தான் என்பது நம் கருத்து.

காடு என்றால் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 1882-ம் வருஷத்து வனச் சட்டமே காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதைக் குற்றம் என்கிறது. இது வெறும் கெடுபிடி அல்ல. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணியில் என்ன நடந்தது? மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 உயிர் போயிற்று. அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-ல் தமிழ்நாடு வனத்துறை 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு நடக்க ஏற்பாடு செய்தது. வழிகாட்டிகளாக அந்தந்த மலை வாலிபர்களையே பழக்கினார்கள். அது நடப்பவர்களுக்கு. சைக்கிளுக்கும் அதே மாதிரி வழிகாட்டியும் சீட்டும் வைத்தால், மலையூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் வருமானம் கிடைக்குமே!

பள்ளிக்கூடத்தில் 11-ம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கும் சைக்கிள் பல வீட்டு வாசலில் நிற்கிறது. நல்ல சைக்கிள். ஆனால் அதில் மலை இறங்கப் பார்க்காதீர்கள், தம்பி தங்கைகளே! அதன் பிரேக்கும் டயரும் ரோட்டுக்காகச் செய்தவை. கியரும் கிடையாது. ரீபேக் பந்தயத்தில் விழாமல் வந்தவர் ஒருவர்தான் என்பதை மறக்க வேண்டாம். அந்தச் சைக்கிளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பின்னால் காரியரில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு மலை அடிவாரம் வரை போகலாம்!

பெரம்பலூரிலோ அரியலூரிலோ சைக்கிள் வாலிபர்கள் நாலு பேர் சேர்ந்து வனச்சரக அலுவலகத்துக்கு மனு கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். 'எங்களுக்குச் சைக்கிள் விட அனுமதி வேண்டும்' என்று எழுதினால் அதிகாரி என்ன செய்வார்? மேஜையின் ஓரத்தில் வைப்பார். வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். இன்ன ஊர்ப் பாதை மழையில் அறுந்து கிடக்கிறது. நீளம் இத்தனை அடி. மலையூர்ப் பெரியவர்களைக் கேட்டோம், அவர்களுடைய கையெழுத்து இதோ. எங்களிடம் மண்வெட்டி 12, கடப்பாரை 4, ஆள் 20. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 6 மணிக்கு வருகிறோம். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று காட்ட ஒரு காவலரை மட்டும் அனுப்புங்கள். சைக்கிள் பேச்சை ஆறு மாதம் கழித்துப் பேசலாம்.